மாப்பிள்ளை என்னைத் தள்ளிய நற்செய்தி

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகவே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு, முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று முன்தினம் மாலை ஐந்தரை மணிக்குத் தங்கள் மகன் என்னைப் பிடித்துத் தள்ளினார். பதற வேண்டாம். வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். முழுக்கப் படித்தால் தாங்களும் தட்டுவீர்கள்.

போன வருஷம் மாப்பிள்ளை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது தோள் நடைபாதைக் கல்லில் மோதியது தங்களுக்குத் தெரியும். விரல் ஆடியது, முழங்கை மடங்கியது, கையை மட்டும் தோளிலிருந்து தூக்க முடியவில்லை. சலூன் வைத்திருப்பவருக்கு இது போதாதா? கத்திரியைப் பிடிக்கலாம், அடுத்தவர் தலைவரை கொண்டுபோக முடியாது. தங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. பெரிய டாக்டரிடம் போகலாம் என்று மகள் மறுநாளே சொன்னாள். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்று சொன்னவன் நான். சொன்னதோடு நில்லாமல் நாலு மாதம் நானே நீவினேன். தோள்சதை வற்றி எலும்பு முட்டிக்கொண்டு தெரிந்த பிறகுதான் எண்ணெய்ப் புட்டியை மூடிவிட்டு நானே அவரைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

நரம்பு டாக்டர் ஓர் அம்மா. முதல் கேள்வியே என் நெஞ்சில் இறங்கியது.

“அடிபட்டு எத்தனை நாளாச்சு?”

“நாலு மாசம் பத்து நாள்.”

“ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?”

மாப்பிள்ளை கொஞ்சமும் தயங்காமல், “கடையில வேலை அதிகம் டாக்டர்” என்றார். ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன வேலை சம்பந்தி! கடையே பூட்டிக் கிடந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

“ஆறு மாசத்துக்குள்ள வந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது. ரொம்ப நாள் போனா, நரம்பு வந்தாலும் தசை இருக்காது. வயசும் முப்பத்தெட்டுதான், அதுவும் நமக்குச் சாதகம். சிகரெட் உண்டா?” என்று அந்த அம்மா கேட்டதும் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கல்யாணமான ஒன்பது வருஷமாக என்னிடம் மறைத்து வந்த மரியாதை அது. நான் எழுந்து சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்தேன். முதுகுக்குப் பின்னால், “ஒரு நாளைக்கு நாலு” என்று மெல்லிய குரல் கேட்டது. “இன்னையோட நிறுத்திடுங்க. அது ரத்த ஓட்டத்தைக் கெடுத்துடும், நரம்பு வளராது” என்றார் டாக்டர். அன்றோடு நிறுத்திவிட்டார், அதற்கு நான் சாட்சி.

ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது. முழங்கையை நீட்டும் நரம்பில் ஒரு கிளையைப் பிரித்துத் தோளைத் தூக்கும் நரம்போடு தைத்துவிட்டார்கள். அதனால், “கையைத் தூக்கணும்னு நினைக்காதீங்க, எதையாவது தள்ளணும்னு நினைங்க, தோள் தானா எழும்பும்” என்றார் டாக்டர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று வேறு வாய்தவறிச் சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி எடைக்கல்லையும் அளவுகோலையும் சோதித்த அரசாங்க இன்ஸ்பெக்டரிடம் மில்லிமீட்டர் என்று சொல்லலாமா? தழும்பிலிருந்து தோள்சதை வரை அளந்தேன். எட்டு சென்டிமீட்டர், ஆக எண்பது நாள். எண்பத்தோராம் நாள் காலை அவர் கட்டில் அருகே நின்று, “ம், தூக்குங்க மாப்பிள்ளை” என்றேன். தூங்கி எழுந்த மனிதர் விழித்தாரே தவிர, கை எழும்பவில்லை. டாக்டருக்கு உடனே போன் போட்டேன். “சார், தைச்ச நரம்பு முதல்ல சில வாரம் சும்மாதான் இருக்கும். தசையைத் தொட்ட பிறகும் பலம் பிடிக்க மாசக்கணக்காகும். பயிற்சியை விடாம செய்யச் சொல்லுங்க. நீங்க அளக்காதீங்க” என்றார். கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் காலையும் மாலையும் மாப்பிள்ளை சுவரைத் தள்ளுவார், கதவைத் தள்ளுவார், பீரோவைத் தள்ளுவார். நான் பக்கத்தில் நின்று தோளை உற்றுப் பார்ப்பேன். மாதங்கள் ஓடின. அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போகாமல் முடி வளர்த்துக்கொண்டு தெருவில் என்னைக் கண்டால் விசாரிப்பார்கள். ஒவ்வொரு தலையும் என்னைக் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். நேற்று முன்தினமும் அப்படித்தான், அவர் சுவரைத் தள்ள, நான் அவர் தோளருகே முகத்தை வைத்து, “துடிக்குதா? ஏதாவது துடிக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா, கொஞ்சம் தள்ளுங்க.”

“நான் எதுக்கு மாப்பிள்ளை தள்ளணும்? நீங்கதானே தள்ளணும்!”

அடுத்த நொடி முழங்கை விறைத்து நீண்டது. நான் மடிக்காத துணிக்குவியலில் மல்லாந்து கிடந்தேன். எதிரே அவர் வலது கை உடம்பை விட்டு விலகி, அந்தரத்தில், யாரும் தாங்காமல் நின்றது! ஓடிவந்த மகள் என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், என்னை மறந்துவிட்டாள். “இன்னொரு தடவை தள்ளுங்க மாப்பிள்ளை!” என்றேன். நாலு தடவை தள்ளினார். நாலாவது கொஞ்சம் அதிகம்தான்.

“மன்னிச்சுக்குங்க மாமா” என்று என்னைத் தூக்கிவிட்டார். “மன்னிப்பு நான் கேட்கணும், அந்த நாலு மாசம்...” என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. “அப்ப கடையில வேலை அதிகம் மாமா” என்றார். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்காகத் தங்கள் இருவரையும் நினைத்து அன்று நெடுநேரம் மூக்கைச் சிந்தினேன்.

கை இன்னும் தோள் மட்டத்தைத் தாண்டவில்லை. தாண்டும் என்கிறார் டாக்டர். ஆகவே தாங்கள் இருவரும் நிம்மதியாக இருங்கள், பயணமெல்லாம் வேண்டாம். நான் கூடவே இருந்து ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், தங்களுக்கு நல்ல தூக்கமும் நீண்ட ஆயுளும் வாய்க்கட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் முன் மகள் இதை வாங்கிப் படித்தாள். கை மூன்று வாரம் முன்பே அசைந்துவிட்டதாம், நான் நண்பர் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில். வீடு அமைதியாக இருந்ததாம். எனக்குத் தெரிந்தால் அவரை உட்காரவிட மாட்டேன் என்று மறைத்திருக்கிறார்கள். “அப்ப என்னைத் தள்ளினது பயிற்சி இல்லையா?” என்றேன். “இல்லப்பா, அது தள்ளினதுதான்” என்றாள். ஆகவே வெள்ளிக்கிழமை காலை வண்டியில் புறப்பட்டுத் தங்கள் வீட்டுக்கு வருகிறேன், இரண்டு மாதம் இருப்பேன். தங்களுக்கு முழங்கால் வலி என்று மாப்பிள்ளை சொன்னார். எங்கும் காட்ட வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.