பெட்டிக்குள் ஒளிந்த மேல் வரி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலமாக இருப்பதுபோல் தெரிகிறது. தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமென்று நம்புகிறேன். எதையும் எளிதில் நம்புகிற பழக்கம் எனக்கில்லை என்பது தங்களுக்குத் தெரியும். மரியாதைக்காக இந்த ஒன்றை மட்டும் நம்பி வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் குமாரர் என் டிவி மீது கண் வைத்துவிட்டார். எந்த டிவி என்றால், என் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்து சேர்ந்த அன்று இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏற்றினார்களே, பின்பக்கம் தொப்பை வைத்த அந்தப் பழைய பெட்டி. மற்ற சாமான்களை எல்லாம் இடமில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார்கள். இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். வந்த நாளிலிருந்து மாப்பிள்ளை, “இதை எடைக்குப் போட்டுடலாம் மாமா, யாரு பாக்குறாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தராசுக்கு முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் அல்லவா? எந்தக் கடை, எந்தத் தராசு, முத்திரை இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்ததும் பேச்சை விட்டுவிட்டார்.

அதே மனிதர் போன மாதத்திலிருந்து அந்தப் பெட்டியை மெல்லிய துணியால் துடைக்கிறார். அதன் மீது வெயில் படுகிறது என்று ஜன்னலைச் சாத்துகிறார். அதே ஜன்னல் வழியாக என் மீது இத்தனை காலம் வெயில் பட்டபோது யாருக்கும் சாத்தத் தோன்றவில்லை. பிறகு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு கேபிள். ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை என் பெட்டிக்கு. திடீரென்று ஒருவருக்கு ஒரு பொருள்மீது இவ்வளவு பாசம் பொங்கினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? முடி வெட்டப் போன இடத்தில் வாய்விட்டுச் சொன்னேன். முடி வெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு, “சார், பழைய டிவிக்குள்ள செவப்பா ஒரு பாதரசம் இருக்காம். ஒரு துளி கெடைச்சா வீடே வாங்கலாமாம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவரும் தலையாட்டினார். அரைத்தலையோடு எழுந்து வீட்டுக்கு ஓடி வந்தேன்.

வந்து பார்த்தால் என் பெட்டி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது! “என்ன மாப்பிள்ளை, தூக்கிட்டுப் போறதுக்குக் கட்டுறீங்களா?” என்று கத்தினேன். அவர் தரையில் உட்கார்ந்தபடியே, “இல்ல மாமா, இந்தப் பழைய வீடியோ ஆட்டத்தோட படம் ஒசரமானது. கடையில காசு போட்டு ஆடுற மெஷின்ல டிவியவே படுக்க வெச்சுதான் மாட்டியிருப்பான். நாமளும் படுக்க வெச்சாத்தான் சரியா வரும்” என்றார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். ஆட்டம் என்னவோ ஓடியது. ஆனால் நல்லவர்கள் யாரும் டிவியைப் படுக்க வைத்து நான் பார்த்ததில்லை. நிமிர்த்தினால்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். நிமிர்த்தி, அகலமான வேறு ஆட்டத்தைப் போட்டார்.

பிறகு விசாரணையை முறையாக ஆரம்பித்தேன். சுவரில் மெலிதாக ஒரு புது டிவி இருக்கும்போது இது எதற்கு? அவர் சொன்ன பதில்: இந்த ஆட்டத்தின் படத்தை அந்தக் காலத்தில் இருநூற்று இருபத்து நான்கு படுக்கைக் கோட்டில் வரைந்திருக்கிறார்களாம். புது டிவி அதை இழுத்துப் பெரிதாக்கி ஓரமெல்லாம் மழுப்பிவிடுமாம். என் பெட்டிதான் கோட்டுக்குக் கோடு அப்படியே போடுமாம். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட்டுக் கணக்கு வேறு, படம் மாறும் வேகம் வேறு. அதைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் படம் உருளுமாம். அவர் சொல்லும்போதே படம் கீழிருந்து மேலாக உருண்டது. காதில் பூச்சுற்றுகிறவர்கள் இவ்வளவு கணக்கோடு சுற்றி நான் பார்த்ததில்லை. அதனாலேயே என் சந்தேகம் இரட்டிப்பானது.

அன்றிலிருந்து பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். “சும்மா எதுக்கு மாமா உக்காந்திருக்கீங்க, ஒரு கை ஆடுங்க” என்று ஆட்டத்தை இயக்கும் குச்சியை என் கையில் கொடுத்தார். கவனத்தைத் திருப்பும் தந்திரம் என்று புரிந்தது. புரிந்தும் வாங்கிக்கொண்டேன். மேலிருந்து பூச்சிபோலக் கப்பல்கள் இறங்கி வருகின்றன. மாப்பிள்ளை எது ஆபத்து, எது சும்மா போகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுடுகிறார். நான் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் சுடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் மார்க்குப் பட்டியலில் போட வேண்டுமென்று பெட்டி என் பெயரைக் கேட்கிறது. பெயரைக் கொடுத்துவிட்டு நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் யார் நிற்பது? மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் எழுந்து போய்விடுவேன்.

இப்போதுதான் முக்கியமான மோசடிக்கு வருகிறேன். எவ்வளவு மார்க்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. கேட்டால், “பெட்டியோட விளிம்பு மேல கொஞ்சம் கோட்டை முழுங்கிடுது மாமா, மார்க்கு அதுக்குள்ள போயிடுச்சு” என்கிறார். சம்பந்தி, என் உத்தியோகத்தில் எத்தனையோ தராசுகள் எடையை விழுங்கிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் கடைக்காரர் பக்கம்தான் விழுங்கியிருக்கிறது! பட்டியல் வரும்போது இரண்டாவது இடத்திலிருந்துதான் தெரிகிறது. இரண்டாவது மாப்பிள்ளை. மூன்றாவதும் மாப்பிள்ளை. முதலில் யார்? மாப்பிள்ளை கேபிளைக் கழற்றி மாட்டுகிறார். தங்கள் மருமகளைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள். என் பெட்டியில் எனக்குத் தெரியாத ஒருவனுக்கு முதல் இடம்.

போதாக்குறைக்கு நேற்று இரண்டு பேரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “ரூம்ல ரெண்டுக்கு இடமில்ல, ஒண்ணை அனுப்பிடலாம்” என்றாள் என் மகள், நான் பெற்ற மகள். மனம் விட்டுச் சொல்கிறேன் சம்பந்தி, நேற்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பழசு என்று பெட்டியை அனுப்புகிறவர்கள் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிற பழசை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அதற்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தனியாகத் தூக்க முடியாது என்பதால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன். எனவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கள் குமாரரைக் கண்டித்து, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். குழந்தைகள் இருவரும், என்ன செய்தாலும், நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் உள்ளிருந்து, “அப்பா, ஓடி வாங்க” என்று கூப்பிட்டாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் எண்களை மாற்றிப் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார். இருநூற்று இருபத்து நான்கு கோடும் வந்துவிட்டது, நானே எண்ண முயன்று பார்த்தேன். பட்டியலின் மேல் வரியும் வந்தது. முதல் இடத்தில் என் பெயரின் மூன்று எழுத்து. “நீங்க பேர் குடுக்காம எழுந்து போனீங்கல்ல, நான்தான்பா ஒவ்வொரு தடவையும் போட்டேன்” என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்புப் பாதரசம் வெறும் புரளியாம். அனுப்பப் போவது சுவரில் இருக்கிற புது டிவியை, அதுவும் தங்கள் வீட்டுக்கு. என் பெட்டி இங்கேயேதான் இருக்குமாம், எதிரே என் நாற்காலியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடவும். ஆனால் ஒன்று. கம்ப்யூட்டரை அணைத்தால் அந்தப் பெயர் அழிந்துவிடுமாம். சுவிட்ச் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை இரண்டு முறை இந்தப் பக்கம் வந்துவிட்டார், தண்ணீர் குடிக்கவாம். தாங்கள் தற்போது வர வேண்டாம். அந்தக் காலத்தில் தாங்களும் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரர் என்று மகள் சொல்கிறாள்.