நான்காவது துணுக்கு

திண்டுக்கல் வட்டாரத்தில் எண்ணாமல் எதையுமே தொட்டறியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பல் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் டெக்னீஷியன்தான். ஆயக்குடிக் கொய்யாவை நீட்டினால்கூட, "எத்தனை சார்?" என்று கேட்ட பிறகே கைநீட்டுவார். ஆதலால் அவர் 'எத்தனையார்'. இயற்பெயரை வருகைப் பதிவேடு மட்டுமே அறியும்.

எலும்பையும் பல்லையும் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கி, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவது அவர் பணி. ஒவ்வொரு ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துணுக்குகளை வாய்விட்டு எண்ணுவார். அவ்வேளையில் எவரும் பேசலாகாது; துறைத்தலைவரான நான் உட்பட. ஒருமுறை ஆய்வுக் குழுவினரையே வாசலில் நிறுத்திவிட்டு, எண்ணி முடித்தபின் அவர்களையும் எண்ணினார்.

"அஞ்சு பேரு. நாற்காலி நாலுதேன் இருக்கு சார்."

பின்னர், ஸ்லைடை முழுமையாகப் படமெடுத்துக் கணினித் திரையில் காட்டும் ஸ்கேனர் வந்தது. என் முயற்சியால் வந்தது என்பதைப் பதிவு செய்வது பொருத்தம். எத்தனையார் அதற்குத் தினமும் சந்தனப் பொட்டு வைத்தார். எண்ணுவதை மட்டும் விடவில்லை.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடும் பெண்மணி ஒருவர் தாடை வீக்கத்தோடு வந்தார். அவருடைய எலும்புத் துணுக்குகளைத் திரையில் ஆராய்ந்து, புற்று இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அறிக்கையைக் கொண்டுசேர்க்க வேண்டிய எத்தனையார், அதை மடித்துத் தம் டிபன் கேரியருக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"என்னய்யா இது? வெளியே எடும்!"

"மாட்டேன் சார். கண்ணாடியில நாலு துணுக்கு இருக்கு. கம்ப்யூட்டர்ல மூணுதேன் வந்திருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியாதென்கிறீரா?"

"உங்களுக்குத் தெரியும் சார். மெசினுக்குத்தேன் தெரியல. ஒண்ணை அளவுக்கு மீறி அமிலத்துல ஊறவிட்டது நாந்தேன். சாயம் பிடிக்காம வெளுத்துப்போச்சு. வெறுங்கண்ணாடின்னு நெனச்சு மெசினு விட்டுருச்சு. என்னையத் திட்டுங்க. ஆனா செத்த நேரம் மைக்ராஸ்கோப்புல பாத்துட்டுத் திட்டுங்க."

பார்த்தேன். வெளிறிக் கிடந்த அந்த நான்காவது துணுக்கில் புற்று இருந்தது.

புதிய அறிக்கை எழுதினேன். அப்பெண்மணிக்குத் தாடையில் ஒரு பகுதி போயிற்று, உயிர் தப்பியது. அவருடைய கணவர் பூச்சரத்தோடு வந்து என்னைக் கும்பிட்டபோது, பக்கத்தில் நின்ற எத்தனையார் நடந்ததை மூச்சுவிடவில்லை. "எத்தனை முழம்ணே?" என்று மட்டும் கேட்டார்.

என் பட்டங்கள் யாவும் வரவேற்பறைச் சுவரில் தொங்குகின்றன. புளிக்குழம்புக் கறை படிந்த அந்தப் பழைய அறிக்கையைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். எப்போதாவது எடுத்துப் பார்ப்பதுண்டு. திரும்ப வைக்கும்போது, "ஒன்று" என்று வாய்விட்டு எண்ணியே வைக்கிறேன்.