முதல் கூட்டத்தில் ஓரிடம்

“கடைசியிலயோ? என்னையோ?”

ஆனந்தராஜா கரும்பலகையை மறுபடி பார்த்தார். மெல்பேர்னில் அவருக்கு அது முதல் பணப்பரிசுச் சைக்கிள் பந்தயம். ஓட்டக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக, இடைவெளி விட்டு அனுப்புவார்களாம். அவர் பெயர் கடைசிக் கூட்டத்தில் இருந்தது. சேஷாத்ரியின் பெயர் முதல் கூட்டத்தில்.

மதராஸ்காரரான சேஷாத்ரியும் அவரும் ஸ்பிரிங்வேலில் ஒரே தொழிற்சாலை. டீ குடிப்பதில்கூடப் போட்டி.

“முதல் பந்தி எங்களுக்கு சார்,” என்றார் சேஷாத்ரி. “உங்களுக்குக் கடைசிப் பந்தி. ரசம் மிஞ்சினா சொல்றேன்.”

ஆனந்தராஜாவுக்குக் காது சுட்டது. இலங்கையில் மூன்று வருடம் சாம்பியன் அவர். விண்ணப்பத்திலும் அதை எழுதியிருந்தார்.

“பேசாமல் நிக்காதேங்கோ,” என்றாள் மனைவி யோகா. “எங்கட நிறத்தைப் பாத்துத்தான் பின்னுக்குத் தள்ளினவங்கள்.”

“அப்ப சேஷாத்ரி என்ன நிறம்?”

“அவர் வாயால வெண்டிட்டார்.”

ஆனந்தராஜா பந்தய அதிகாரி டாய்லிடம் போனார்.

“அதற்கு ஒரு காரணம்...” என்று தொடங்கினார் டாய்ல்.

“காரணம் எனக்குத் தெரியும்!”

டாய்ல் பெருமூச்சுவிட்டு, அவர் பெயரை ஒரு கூட்டம் முன்னே எழுதினார்.

“இரக்கம் காட்டுறாரோ?” ஆனந்தராஜாவுக்குக் கோபம் கூடிவிட்டது. சைக்கிளைப் புறப்படும் கோட்டின் குறுக்கே படுக்கப் போட்டு, பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

முதல் கூட்டத்தில் எல்லாம் நரைத்த தலைகள். சைக்கிள் கழகத்துப் பெரிய மனிதர்கள்போலும். “இவரை எங்களோடு விடாதே!” என்று ஒரு நரைமீசை கத்தியது.

“பாத்தீரே யோகா, பக்கத்தில ஓடவும் பிடிக்கேல்லை. இனி நான் எழும்பவே மாட்டன்!”

டாய்ல் சோக்கட்டியை வீசினார். “முதல் கூட்டத்திலேயே போய்த் தொலை! பிறகு வருத்தப்படாதே!”

கொடி விழுந்தது. ஏற்றத்தில் நரைத்தலைகள் ஒவ்வொன்றாய்ப் பின்தங்கின. சேஷாத்ரி மட்டும் இரைக்க இரைக்க ஒட்டிக்கொண்டு வந்தார். திடீரென்று அவர் சங்கிலி கழன்றது.

ஆனந்தராஜா நின்றார்.

“போங்க சார்! யார் நிக்கச் சொன்னா?”

“சங்கிலி கழண்டவனைத்தான் வெண்டவனெண்டு நாளைக்குக் கன்ரீனில சொல்லுவியள். மாட்டுங்கோ. மாட்டிப்போட்டு வந்து தோத்துப்போங்கோ.”

சேஷாத்ரி மாட்டினார், வந்தார், தோற்றார்.

ஆனந்தராஜா இரு கைகளையும் தூக்கியபடி கோட்டைக் கடந்தார். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டாவிட்டால் போகட்டும் என்று இன்னும் உயரமாகத் தூக்கினார்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மலேசியாக்காரி அஞ்சலை ஒரு கோப்பையை நீட்டினாள்.

“ஏன் தங்கச்சி, நான் முதல் ஆளா வந்தது இவையளுக்குப் பொறுக்கேல்லையோ?”

“அண்ணே, இங்க முதல்ல விடுறது தள்ளாதவங்களை, கடைசியா விடுறதுதான் சாம்பியனுங்களை, அந்த வரிசையில நம்ம ஆள் ஒருத்தர் நிக்கப் போறாருன்னு எங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து கேமராவைத் தூக்கிக்கிட்டு உங்களைத்தான் தேடுறாரு!”