ஓடியது பிரென்டிஸ், ஓட வைத்தது நான்

கிளீவ்லேண்ட் கிழக்குப் பேட்டைப் பத்திரிகை ஆசிரியருக்கு ஓபதியா டிக்ஸன் வணக்கம். நானும் என் முழங்காலும் ஏதோ இருக்கிறோம். நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருங்கள். எனக்கு எழுத்து வராது, நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எண்ணெய்க் கழிவு மிதந்த நம்ம ஊர் ஆறு தீப்பிடித்து எரிந்ததே, அதே கோடையில் நிலாவிலும் மனிதன் கால் வைத்தானே, அந்த வருஷக் குளிர்காலம். பள்ளி விட்டதும் பெண்பிள்ளைகள் ஓடியாடட்டும் என்று தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தை நகரசபை திறந்துவிட்டது. பெருக்குவதும் ஹீட்டரைப் பார்ப்பதும் என் வேலை. அந்தப் பெண்களை ஓட வைத்தவர் பயிற்சியாளர் பிரென்டிஸ், கூடத்துக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களாம். பிரென்டிஸ் ஓடினான், வாஸ்தவம். ஓட வைத்தது யார்?

அங்கே வந்த ஆறு பெண்களும் சுவரோரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அவன் விசில் ஊதினான், ஆரஞ்சு கொடுத்தான், கடைசியில் கெஞ்சினான்.

"ஒரே ஒரு சுத்து ஓடுங்கம்மா!"

"எங்கம்மா அடுப்புல காய்ச்சின இரும்புச் சீப்பால, காதெல்லாம் சுட, என் சுருட்டை முடியை நீட்டி விட்டிருக்காங்க சார். வேர்த்தா சுருண்டுக்கும். உங்க தலையில என்ன இருக்கு, நீங்க ஓடுங்க!"

அவனுக்கு இளவயசிலேயே வழுக்கை. அந்த வெள்ளிக்கிழமை நகரசபை அதிகாரி அம்மாள் கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்றும் உட்கார்ந்தே இருந்தால் கூடத்துக்குப் பூட்டு, பிள்ளைகளுக்குத் தெருமுனை. நான் யோசித்தேன்: முடி சுருண்டுவிட்டால் அப்புறம் உட்கார்ந்து எதைக் காப்பாற்றப் போகிறார்கள்? வெள்ளிக்கிழமை ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆறு தலையும் வேர்த்து, முடி புசுபுசுவென்று சுருண்டு கிளம்பிவிட்டது.

"ஹீட்டரைத் திறந்தது யாரு?" என்று பெண்கள் கத்தினார்கள்.

பிரென்டிஸ் மட்டும் சிரித்தான். பாவி, அந்த நேரத்திலா சிரிப்பான்?

"இந்த மொட்டைத்தலையன் வேலைதான்! பிடிங்கடி!"

அவன் முன்னால், அவர்கள் பின்னால், சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். வாசலில் நகரசபை அம்மாள்!

"அடடா, வாத்தியாரே முன்னால ஓடிக் காட்டுறாரே!"

கூடம் பிழைத்தது. திங்கட்கிழமை ஆறு பேரும் வேர்த்தாலும் கெடாதபடி பின்னல் போட்டு வந்தார்கள். துரத்துவதில் ருசி கண்டுவிட்டார்கள். ஆகவே பெயர்ப்பலகையில் ஓபதியா டிக்ஸன் என்று இருப்பதுதான் நியாயம். இதை முதல் பக்கத்தில் போடுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆயுள் கெட்டியாக இருக்கட்டும்.

பின்குறிப்பு: "மாமா, அந்தப் பொண்ணுங்க இதைப் படிச்சா?" என்று மருமகள் கேட்கிறாள். ஐயா, தயவுசெய்து இதைப் போடாதீர்கள். பிரென்டிஸ் பெயரே இருக்கட்டும். நல்ல மனுஷன், செத்தும் போய்விட்டான். அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தாள். பெண்களிலும் ஐந்து பேர் இல்லை. மிச்சம் ஒருத்தி, எனக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறாள், இன்றைக்கும் காலையில் ஓடுகிறாள்: எர்னஸ்டின் பிரிட்செட்.