நீர்யானைப் பெரியம்மாவும் கடைசித் துண்டும்

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உன் தம்பி மனைவி, எங்கள் மகள் வாண்டு மூவரும் நலம், அங்கு உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். உண்மையில் எங்கள் நலம் எல்லாம் போய் ஒன்பது நாள் ஆகிறது. போன வாரம் போனில் சொன்னதற்கு, "புகார்னா எழுத்துல குடுடா, டிவி நிலையத்துல ஃபைல் போட்டு வைப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். இதோ எழுத்தில் தருகிறேன். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கருவிப் பெட்டியை மேஜையாக்கிக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து ஆடினால் பாதி மோட்டாரால், பாதி பயத்தால் என்று எடுத்துக்கொள்.

புகார் நீ பிள்ளைகளுக்காக டிவியில் எழுதுகிற "போயிட்டு வரேன்" நிகழ்ச்சியின் மேல். நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சிதான், இல்லை என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை நீர்யானைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி அப்பா தெருவிளக்கு மாட்டப் போகிறார், யானை அம்மா தீயணைப்பு வண்டியில் ஏறுகிறார், பிள்ளைகள் பெரியம்மாவோடு மண்ணைக் குழைத்து, சண்டை போட்டு, தூங்கி எழுந்திருக்கிறார்கள். அதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாயங்காலம் பெரியம்மா கொடியில் காய்ந்த துண்டுகளை எடுத்து மடிக்க உட்காருகிறாள் பார், அங்கேதான் என் குடி முழுகியது. கடைசித் துண்டை மடித்து அலமாரியில் வைத்த அதே நொடியில் வாசல் மணி அடிக்கிறது, அத்தனை பெற்றோரும் மொத்தமாக வந்து நிற்கிறார்கள். ஒருத்தராவது பஸ்ஸைத் தவறவிட்டதுண்டா? ஒரு முதலாளியாவது "இத மட்டும் முடிச்சுட்டுப் போங்க" என்று சொன்னதுண்டா? "சின்னப் பிள்ளைங்களுக்கு மணி பாக்கத் தெரியாதுடா, துண்டு குறையுறது தெரியும்" என்று நீ பெருமையாக விளக்கியபோது, நானும் என்ன மூளை என்று மெச்சினேன்.

எங்கள் நிலைமைதான் உனக்குத் தெரியுமே. இவளுக்குப் பஸ் ஓட்டுகிற வேலை, ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே வாண்டைக் காலையில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் என் பொறுப்பு. விடுவது நர்ஸம்மா வீட்டில். ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்றாவது மாடியில் தன் வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டிலும் கொடி இருக்கிறது, கொடியில் துண்டு இருக்கிறது, போதாததற்கு டிவியும் இருக்கிறது. போன புதன்கிழமை வாண்டு விளையாட்டாக ஒரு துண்டை எடுத்து மடித்திருக்கிறாள். மடித்து வைக்கவும் நான் மணியை அடிக்கவும் சரியாக இருந்தது. அன்றைக்கு நான் கீழே செருப்பு வாரைச் சரிசெய்ய ஒரு நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கதவைத் திறந்தவள் முகத்தில் நான் வந்த சந்தோஷத்தைக் காணோம். லிஃப்டில் பட்டனை அழுத்தினதும் அது வந்து நின்றால் நாம் என்ன முகம் வைத்துக்கொள்வோமோ அந்த முகம்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் நர்ஸம்மா வீட்டிலிருந்த துண்டு அத்தனையும் மடித்தாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பு அலமாரிப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் வரவில்லை. எப்படி வருவேன், ஏழாவது மாடி லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு துணி பாக்கி இருக்கிறது என்று முடிவு கட்டி, கைக்குட்டை, மாற்றுச் சட்டை, தலையணை உறை என்று தேடித் தேடி மடித்திருக்கிறாள். ஜன்னல் திரையைத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மடித்தாள். எதிர்வீட்டுப் பையனின் ஸ்வெட்டரை அவன் போட்டிருக்கும்போதே மடிக்கப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் மற்ற நாலு பேருக்கும் ஆசை வந்துவிட்டது, அவரவருக்கும் அப்பா அம்மா உண்டு அல்லவா. ஐந்து பேரும் சேர்ந்து சாப்பாட்டு மேஜை விரிப்பைப் பிடித்து மடித்தார்கள். மேலே ஐந்து தட்டு இருந்தது. மீதியை நீயே எழுதிக்கொள், உனக்கு அதுதானே தொழில்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாண்டை மடியில் உட்கார வைத்து, "அம்மாடி, துண்ட மடிக்கிறதால அப்பா வர்றதில்ல" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை வாசலில் வைத்து, "அப்ப மடிக்காம இருந்தா வருவியா?" என்றாள். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. "ஆமாம்மா, வருவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம் என்று நீயே சொல்வாய்.

அதற்கப்புறம் நர்ஸம்மா வீட்டில் ஒரு துணியும் மடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. சோபா முழுக்கத் துணி மலை, அதன் உச்சியில் வாண்டு காவல். திங்கட்கிழமை வரை எப்படியோ நாள் ஓடியது. அன்று ஐந்து மணிக்கு நான் கிளம்பும் நேரம் பார்த்து, ஒரு பல் டாக்டர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நான் லிஃப்டின் கூரை மேல் படுத்துக்கொண்டு பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறேன், போன் அடிக்கிறது. கை இரண்டும் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் வாண்டின் அழுகை, முன்னால் நர்ஸம்மா. "தம்பி, நான் ஒரு கைக்குட்டைய மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். அதனாலதான் நீங்க வரலியாம். எல்லாப் பிள்ளைங்களோட அம்மா அப்பா முன்னாடியும் 'எங்கப்பாவ நீங்கதான் வரவிடல'ன்னு சொல்லுது. நான் என்ன செய்யட்டும்?" என்கிறார். கூரைக்குக் கீழேயிருந்து டாக்டர், "பாப்பாவுக்கு எத்தன வயசுங்க?" என்று கேட்கிறார். மூன்றரை என்றேன். "கலங்காதீங்க, எங்க பையன் அஞ்சு வயசு வரைக்கும் என் ஷூவ ஒளிச்சு வச்சான்" என்றார். அவரை வெளியே எடுக்கும்போது மணி ஆறு. மாட்டிக்கொண்டவர் அவர், முதுகில் தட்டிக்கொடுத்தது என்னை.

மூச்சிரைக்க மாடியேறிப் போனால் வாண்டு அழுது ஓய்ந்து கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸம்மா ரொம்ப அமைதியாகச் சொன்னார், அதுதான் பயம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன் தம்பி. பிள்ள தெளியலன்னா வேற இடம் பாத்துக்குங்க. இவளப் பாத்து மத்த நாலும் வாசல்லயே உக்காந்துருக்கு." நான் ஒரு யோசனை சொன்னேன். நான் தெருமுனைக்கு வந்ததும் போன் செய்கிறேன், அப்போது கடைசித் துண்டை எடுத்துக் கொடுங்கள் என்றேன். "நாப்பது வருஷம் நோயாளிங்களோட சொந்தக்காரங்களப் பாத்தவ நான். யார் எப்ப வருவாங்கன்னு துண்ட வச்சு யாருக்கும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மடிக்காமல் இருந்தும் நான் வராததால், செவ்வாய்க்கிழமை முதல் வாண்டு, மடித்தால் அப்பா வருவார் என்ற உன் பழைய சட்டத்துக்கே மறுபடி திரும்பிவிட்டாள் என்பதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்.

அக்கா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. வேறு இடம் என்று நர்ஸம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் விசாரித்ததில் ஒரு வீட்டில் அடுத்த வருஷம்தான் இடம். இன்னொரு வீட்டில் வாண்டைவிடப் பெரிய நாய். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தர் வேலையை விட வேண்டியதுதான். இவள் ஆறு வருஷம் கண்டக்டராக நின்று நின்று இப்போதுதான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். யார் விடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனா அதையும் விட எனக்கு பயம் அவ கேக்குற கேள்விதான். "அப்ப எப்படித்தான் நீ வருவ?"ன்னு நேத்து கேட்டா. அப்பாவுக்கு உன்ன பிடிக்கும், அதனால வருவேன்னு சொன்னேன். "அன்னிக்குப் பிடிக்கலையா?"ங்கறா. எந்த லிஃப்ட் எப்ப நிக்கும்னு எனக்கே தெரியாதப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது சொல்லு. கதவோரம் அவ உக்காந்திருந்தது கண்ணுலயே நிக்குது, அக்கா. என்னால தாங்க முடியல.

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு நாள் ஒட்டகச்சிவிங்கி அப்பா தாமதமாக வரட்டும். கடைசித் துண்டை மடித்தாயிற்று, மணி அடிக்கவில்லை. பெரியம்மா கொஞ்சம் கதை சொல்லட்டும், பிள்ளை கொஞ்சம் அழட்டும், அப்புறம் அவர் வரட்டும். காரணம் பெரிதாக எதுவும் வேண்டாம், "வேல இழுத்துடுச்சுடா கண்ணு" என்று சொன்னால் போதும். அவரை லிஃப்ட் மெக்கானிக்காக மாற்றினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, கழுத்துதான் உள்ளே நுழையாது. நாளைக்குள் எடுத்து ஒளிபரப்ப முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் டிவியில் எழுதுகிற அத்தையே இதற்காக எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நர்ஸம்மாவிடம் சொன்னால், ஒரு வாரமாவது தவணை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், சளிக்கு வெந்நீர் குடிக்கச் சொல். வாண்டு நீர்யானைப் பெரியம்மாவுக்கு இரண்டு முத்தமும் அத்தைக்கு ஒன்றும் அனுப்பச் சொன்னாள், கணக்கு அவளுடையது, வருத்தப்படாதே. என்னையும் என் பிரேக்கையும் மனசார ஆசீர்வதி.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட நேரமில்லாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. ஒன்பதாவது மாடிக் கதவு மூட மறுத்ததில், போன திங்கட்கிழமையைவிட மோசமாக ஆறே காலுக்குத்தான் நர்ஸம்மா வீட்டு மணியை அடித்தேன். வேலையை நான்தான் விடுவது என்று படியேறும்போதே முடிவு செய்துவிட்டேன். கதவைத் திறந்தது வாண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்ப்பா அதுக்குள்ள வந்த? நான் இன்னும் மடிக்கவே இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். ஜன்னல் வழியாக நர்ஸம்மா எட்டிப் பார்த்து, "எதிர்வீட்டுப் பையன்கூட ஏதோ வீடு கட்டுறா தம்பி. ஒரு மணி நேரமா ஒரு துண்ட அடியில போட்டு அது மேலயே உக்காந்திருக்கா, யாரையும் தொட விடல. திங்கட்கிழமையும் கூட்டிட்டு வாங்க. இப்பக் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். ஆகவே மேலே கேட்ட எபிசோடை எடுக்க வேண்டாம், எழுத ஆரம்பித்திருந்தால் கிழித்துப் போடு. இதை மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்து நாற்பது நிமிஷம் ஆகிறது, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, இன்னும் கூப்பிடவில்லை.