இருவருக்கு மட்டும்

“நாலாயிரத்து இருநூறா?” என்றான் கார்லைல். “மூணு நாள் வாடகையா, இல்ல குடிலையே நம்ம பேருக்கு எழுதிக் குடுக்கறாங்களா?”

சமையலறை மேசையில் சர்க்கரை டப்பா மேல் போன் சாய்ந்திருந்தது. திரையில் டொபேகோ தீவின் காஸ்டாரா கடற்கரை. மணலை ஒட்டி ஒரு மரக்குடில். ஒரே அறை, கட்டில் மேல் வெள்ளைக் கொசுவலை, வராந்தாவில் இரண்டு நாற்காலி. படத்துக்குக் கீழே ‘இருவருக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. கார்லைல் ஒரு வாரமாக அந்தப் படத்தைவிட அந்த இரண்டு வார்த்தையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் இருந்ததோ இரண்டாயிரம் டாலர். கடலுக்கு இந்தப் பக்கம், அரிமாவில் கார் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அதுவே ஆறு மாத ஓவர்டைம்.

கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம். தேனிலவுக்கு என்று வைத்திருந்த பணத்தை, கல்யாண வாரத்தில் அடித்த காற்றில் பறந்த கூரைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அந்தக் கூரைக்குக் கீழே யாராவது வந்து தங்கிக்கொண்டே இருந்தார்கள். மனைவி மார்வாவின் தம்பி டெஸ்மண்ட் வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வந்து நாலு வருஷம் இருந்தான். வேலை மூன்றாம் மாதமே கிடைத்துவிட்டது. கார்லைலின் அத்தை உர்சுலா கண் ஆபரேஷனுக்கு என்று வந்து, ஊரில் உள்ள அத்தனை பேரையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் மூன்றாம் மனிதர் இல்லாமல் ஒருவேளைச் சோறு சாப்பிட்டதில்லை. இது பிப்ரவரி. மே மாதக் கடைசியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வருகிறது. அந்த மூன்று நாளும் மார்வாவும் தானும் மட்டும் என்று கார்லைல் மனசுக்குள் சபதமே எடுத்திருந்தான்.

மலிவாக என்னென்ன கிடைக்கிறது என்று தேடினான். ‘காதலர் அறை’ என்று ஒன்று, நாளுக்கு ஐந்நூறு. மார்வா போனை வாங்கிப் பார்த்தாள்.

“கட்டில் இருக்கு. தலையணை இதய வடிவத்துல இருக்கு. ஜன்னல் எங்க?”

கார்லைல் போன் போட்டுக் கேட்டான். ஜன்னல் பக்கத்து அறையில் இருக்கிறதாம், அவர்கள் நல்லவர்கள், கேட்டால் திறந்து காட்டுவார்களாம். இன்னொன்று ‘கடல் பார்த்த அறை’. கழிவறைத் தொட்டிமேல் ஏறி நின்றால் கடல் தெரியும் என்று முன்பு அங்கே தங்கினவர் ஒருவர் எழுதியிருந்தார்.

“அந்தக் குடில்காரம்மா மிஸ் ஓர்ஃபாவுக்கே மேட்டு மேல ஒரு பெரிய வீடு இருக்காமே” என்றாள் மார்வா, பாத்திரம் கழுவிக்கொண்டே. “அஞ்சு படுக்கையறை, மூணு நாளுக்கு ஆறாயிரம். தலைக்குன்னு பிரிச்சா ஒண்ணுமே இல்ல.”

“தலையா? எந்தத் தலை?”

“சும்மா சொன்னேன்.”

மறுநாள் சாயங்காலம் டெஸ்மண்ட் வாசலில் நின்றான்.

“என்ன மச்சான், டொபேகோவாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

கார்லைல் மனைவியைப் பார்த்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வாய் தவறிடுச்சு” என்றாள்.

“நாங்க ரெண்டு பேரும் தனியா போகலாம்னு…” என்று கார்லைல் இழுத்தான்.

“தனியாவா? எதையோ மறைக்கிற மச்சான். ஏதோ மலிவா மாட்டியிருக்கு உனக்கு” என்றான் டெஸ்மண்ட். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, போனை எடுத்துப் பெரிய வீட்டின் படத்தைப் பார்த்தான். “ஆறாயிரத்துல நாலாயிரம் நான் போடறேன். என்ன சொல்ற?”

டெஸ்மண்ட், அவன் மனைவி ஷெரில், மூன்று பிள்ளைகள். கார்லைல் கணக்குப் போட்டான். சரி, பெரிய வீடுதானே, ஓரமாக ஒரு அறையைப் பிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டால் போச்சு. மிஸ் ஓர்ஃபாவுக்குப் போன் செய்து வீட்டைப் பேசி முடித்தான்.

“மொத்தம் எத்தனை பேரு?” என்று கேட்டாள் அவள்.

“ஏழு.”

“ஏழா” என்றாள் மிஸ் ஓர்ஃபா, ஏதோ குறைகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அத்தை உர்சுலா பிடித்துக்கொண்டாள். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வரிசையிலிருந்து குனிந்து காதில் கேட்டாள்.

“டேய் கார்லைல், இந்த அத்தை செத்துப்போயிட்டாளா?”

“ஏன் அத்தை?”

“உன் பெண்டாட்டி நேத்து மார்க்கெட்ல சொன்னா. நான் கடல்ல கால் நனைச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு.”

மார்வாவின் வாயில் உலைமூடி போட்டு மூடினால்கூட நிற்காது போலிருக்கிறதே என்று கார்லைல் நொந்துகொண்டான். அவசரத்துக்கு ஒரு பொய்யைக் கையில் எடுத்தான். “கப்பல் டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோச்சு அத்தை. எங்களுக்கே சந்தேகம்தான்.”

பொய் சொல்லும்போது கார்லைலுக்குக் காது மடல் துடிக்கும். அத்தை அதைப் பார்த்தாள். வராதே என்று ஒருத்தன் இத்தனை பாடுபடுகிறான் என்றால் அங்கே ஏதோ நல்லது இருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

“டிக்கெட்டா? என் ஞானமகன் துறைமுகத்துலதான் இருக்கான். எல்லாருக்கும் நானே எடுத்துடறேன். எனக்குத் துணைக்கு ஈனிடும் வரா.”

ஈனிட் சர்ச்சில் பாடுகிறவள். வெளியிலும் பாடுவாள்.

ஆக ஒன்பது. அத்தை எடுத்த டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. இனி ஒரு ஈ, எறும்புகூட உள்ளே வரக்கூடாது என்று கார்லைல் வரிந்து கட்டிக்கொண்டான். அடுத்த பொய்யை வலுவாகவே தயார் செய்து வைத்தான்.

அது அன்று மாலையே தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு ரூப்லால் வேலி மேல் முழங்கையை ஊன்றி நின்றார்.

“அண்ணே, டொபேகோ போறீங்களாமே. அண்ணி சவித்ரிகிட்ட சொன்னாங்களாம்.”

“போறோம், ஆனா ஏன் போறோம்னு இருக்கு” என்றான் கார்லைல். “அந்த வீட்ல சொட்டுத் தண்ணி கிடையாதாம். குழாய் திறந்தா காத்துதான் வருதாம். குளிக்கறதுக்கே வழியில்ல. உங்கள மாதிரி சுத்தமானவங்களுக்கு ஆகவே ஆகாது.”

ரூப்லாலின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அவர் தண்ணீர்த் தொட்டி வியாபாரி.

“தண்ணிதானே பிரச்சினை? என் பிக்கப்ல ரெண்டு டாங்க் ஏத்திட்டு வந்துடறேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இதுகூடச் செய்யலேன்னா நான் மனுஷனா அண்ணே?”

ரூப்லால், சவித்ரி, மகன் விஷால். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் ஒரு பூதம்தான் கிளம்பும் என்பார்கள். கார்லைலுக்குக் குடும்பத்தோடு கிளம்பியது.

“மொத்தம் எத்தனை பேரு?” என்று மறுபடி கேட்டாள் மிஸ் ஓர்ஃபா.

“பன்னிரண்டு.”

“அப்பாடா” என்றாள் அவள். படுக்கை விரிப்பு எண்ணி வைக்கிறாள் போலிருக்கிறது என்று கார்லைல் நினைத்துக்கொண்டான்.

மே மாதம் நடுவில் ஒரு நல்ல சேதி வந்தது. விஷாலுக்குப் பரீட்சை, அதனால் அவன் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறான். கார்லைல் சீட்டியடித்துக்கொண்டே வந்து மனைவியிடம் சொன்னான். மார்வாவின் முகம் சுண்டிப்போனது.

“பதினொண்ணா?”

“பதினொண்ணுதான். ஒரு தலை குறைஞ்சுதே, கும்பிடு.”

அவள் திரும்பி மாவை இன்னும் நாலு தடவை பிசைந்தாள். பிறகு, “பாவம், எங்க ஆபீஸ் டோனா. புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து எங்கயுமே போகல” என்றாள்.

“மார்வா, உனக்கு என்கூடத் தனியா இருக்கப் பிடிக்கலயா?” கார்லைல் கேட்டே விட்டான். “பிடிக்கலேன்னா சொல்லிடு. ஊரைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். வீட்லயே இருந்துடலாம்.”

மார்வா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். மாவுக் கையோடவே அவன் கன்னத்தைத் தொட்டாள். “நாளைக்கே டோனாவுக்குச் சொல்லிடறேன்” என்றாள்.

போகிற அன்று துறைமுகம் கொள்ளவில்லை. உர்சுலா அத்தை ஒரு அண்டா பெலாவ் சாதம் கொண்டுவந்தாள். ஷெரில் இரண்டு தட்டு மாக்கரோனி பை. சவித்ரி ஒரு ஆட்டையே கறியாக்கித் தூக்கில் அடைத்திருந்தாள். பிக்கப்பில் இரண்டு கறுப்புத் தொட்டிகள் தண்ணீர் தளும்பத் தளும்பக் கப்பல் ஏறின, தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவுக்கு. ஈனிட் மூன்றரை மணி நேரமும் பாடினாள். டெஸ்மண்டின் கடைசிப் பையன் கார்லைலின் மடியில் வாந்தி எடுத்துவிட்டு, இடம் சரியில்லை என்று வேறு மடிக்குப் போனான்.

மத்தியானம் காஸ்டாரா வந்து சேர்ந்தார்கள். மேட்டு மேல் வீடு, கீழே நீலமாகக் கடல். குழாயைத் திறந்த ரூப்லாலின் கை நனைந்தது.

“அண்ணே, தண்ணி வருதே” என்றார், ஏமாந்துபோய்.

அறைப் பங்கீட்டை அத்தை எடுத்துக்கொண்டாள். டெஸ்மண்டும் ஷெரிலும் ஒன்று. பிள்ளைகளுக்கு ஒன்று. ரூப்லால் தம்பதிக்கு ஒன்று. ஈனிடும் டோனாவும் ஒன்று. அத்தையின் குறட்டை ஊருக்கே தெரிந்தது என்பதால் அவளுக்குத் தனியாக ஒன்று.

“நாங்க?” என்றான் கார்லைல்.

“ஹால்ல சோபா இருக்கு. ஃப்ரிட்ஜ் பக்கத்துல. தாகம் எடுத்தா எழுந்து போகக்கூட வேண்டாம்” என்றாள் அத்தை.

கார்லைல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். கீழே தென்னைகளுக்கு நடுவில் அந்தக் குடில் தெரிந்தது, வெள்ளைக் கொசுவலை உட்பட. யாரோ கொடுத்துவைத்தவர்கள் இந்நேரம் வந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தான். மார்வா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

“என்னை மன்னிச்சுடு” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே. “பத்தொன்பது வருஷம். உனக்குன்னு மூணே மூணு நாள் வாங்கித் தர முடியல என்னால. ஒருத்தரையும் தடுக்க முடியல. நான் தடுக்கத் தடுக்கக் கூட்டம்தான் கூடுச்சு.”

“நீ எவ்வளவு நல்லா தடுத்தேன்னு எனக்குத் தெரியும்” என்றாள் மார்வா. குரலில் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. அவன் நிமிர்வதற்குள் அவள் படியிறங்கிக் கடற்கரைப் பாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மிஸ் ஓர்ஃபா வாசலில் நின்று உள்ளே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணினாள். கார்லைலை எண்ணினாள். கீழே போய்க்கொண்டிருந்த மார்வாவையும் எண்ணினாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சங்கு கோத்த ஒரு சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“இது குடில் சாவி மிஸ் ஓர்ஃபா. ஆள் மாத்திக் குடுக்கறீங்க” என்றான் கார்லைல். “அதுக்கு எங்கிட்ட காசு இல்ல.”

மிஸ் ஓர்ஃபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பெரிய வீட்டுக்குப் பன்னிரண்டு தலை சேர்த்துக் கூட்டிட்டு வர்ற தம்பதிக்குக் குடில் மூணு நாளும் இலவசம்னு பிப்ரவரியிலயே உங்க சம்சாரத்துகிட்ட சொல்லிட்டேனே தம்பி, ‘கூப்பிட்டா எங்க ஜனம் வராது மிஸ் ஓர்ஃபா, என் புருஷன் நெஜமாவே வராதீங்கன்னு தெறிச்சு ஓடினாத்தான் துரத்திக்கிட்டு வரும், அதனால அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க’ன்னு சொன்னதும் அவங்கதான்.”