காப்பிக் களத்தில் தரைதட்டிய கப்பல்

அன்று காப்பிக் களத்தில் இருந்தவர்கள்: வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் எங்கள் எஸ்டேட் துரை, முந்தின நாள் டோலியில் மலையேறி வந்திருந்த அவருடைய தம்பி, என் அப்பா, துறைமுகங்களாக அங்கங்கே நிறுத்தப்பட்ட கூலியாட்கள், நடுவே புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான். வராதவை இரண்டு. ஒன்று என் அம்மா. உப்புத் தண்ணீரை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். இன்னொன்று கடல்.

கடல் இல்லாதது ஒரு குறையாக எங்களில் யாருக்கும் அப்போது படவில்லை. கடலின் படம் இருந்தது. அதைப் படிக்க இங்கிலீஷ் தெரிந்த நான் இருந்தேன். எங்கள் வம்சத்திலேயே எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள். (படிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.)

நான் படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் எங்கள் பெரக்கரை நாட்டில் மழை ஓய்ந்ததும் காய்ச்சல் வரும். என் அண்ணன்மார் இருவரையும் அடுத்தடுத்த வருஷங்களில் அது கொண்டுபோயிற்று. மிச்சமிருந்த என்னை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டார். படிப்புக்காக இல்லை. கீழே காய்ச்சல் குறைவு, அவ்வளவுதான். நான் படித்துத் தொலைத்தது தற்செயல். படிப்பு முடிந்தும் கீழே எவனும் வேலை தராததால் மறுபடி மலையேறி, துரையின் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்தேன். சம்பளம் வாங்கி வந்த முதல் நாள் அப்பா அதைக் கையால் தொடவில்லை. “எறக்கி உட்டவன் ஏறி வந்துட்டயேடா” என்றார்.

துரைக்கும் அதே காய்ச்சல். கொயினா மாத்திரை தின்று தின்று காது மந்தமாகி, கண் மஞ்சளாகி, ஆள் பாதியாகியிருந்தார். அவரை உயிரோடு வைத்திருந்தது ஒரு திட்டம். மத்தியதரைக் கடலில் கார்சிகா என்றொரு தீவு இருக்கிறதாம். கொல்லிமலையைத் தூக்கிக் கடலுக்குள் வைத்தால் அதுதான் கார்சிகா என்பார். அந்தத் தீவைப் பாய்க்கப்பலில் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். கடல் காற்றுப் பட்டால் காய்ச்சல் ஓடிவிடும். கப்பல் அவருடைய தம்பியுடையது. தம்பி துரைக்குச் சென்னையில் கம்பெனி. அவர் மலைக்கு வந்து திட்டத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் கப்பல் கிடைக்கும். துரை போவார். கூடவே எழுத்து வேலைக்கு நானும் போவேன். திரும்பி வந்ததும் சென்னையில் அதே கம்பெனியில் எனக்கு ஒரு நாற்காலி.

அப்பாவுக்கு இதில் கடைசி வரிதான் காதில் விழுந்தது. சென்னை என்றால் மலை இல்லை, காய்ச்சல் இல்லை. பலா மரங்களில் ஏற்றியிருந்த மிளகுக் கொடிகளை முள்ளுக்குறிச்சி வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டு, கோட்டு, பூட்ஸ், தகரப் பெட்டி எல்லாம் வாங்கி வந்தார்.

துரை வேலையைப் பிரித்துக்கொடுத்தார். பெரிய துறைமுகங்களை அவர் பார்த்துக்கொள்வார். ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ராத்திரி நங்கூரம் போட்டுத் தங்கும் இடங்களை நான் குறிக்க வேண்டும். நானாகவே போய்க் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடல் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், நான்கு மூலைக்கும் மரவள்ளிக்கிழங்கை வைத்து விரித்தேன். விசித்திரமான படம். நிலம் வெறுமையாகக் கிடந்தது. தண்ணீர் முழுக்க எண்கள். எஸ்டேட் ஆபீசில் தொங்கிய சர்வே படத்தில் எண் என்றால் உயரம் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதிலும் உயரம்தான் என்று முடிவு கட்டினேன். கடலுக்கு ஏது உயரம் என்று இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். மலையில் பிறந்தவனுக்குச் சமதளம் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே நம்பிக்கையில்லை. கடலிலும் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே வேண்டும்?

அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டார். மலையைச் சுற்றி எங்கே ராத்தங்கலாம், எங்கே கூடாது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“பெரிய நம்பரெல்லாம் உச்சியா?”

“ஆமாப்பா.”

“உச்சியில எவனாச்சும் ராத்தங்குவானா? காத்து கம்பளியத் தூக்கிட்டுப் போயிரும். பள்ளமாப் பாத்துப் போடு, சாமி.”

சின்ன எண்களாகத் தேடிப் பிடித்தோம். இரண்டு, ஒன்றரை, ஒன்று. ஓரிடத்தில் அரை என்று இருந்தது. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பல இடங்களில் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் வேறு. அந்த ஊர்க்காரர்கள் வேதக்காரர்கள் என்று துரை சொல்லியிருந்ததால் அவை மாதா கோயில்கள் என்று புரிந்துகொண்டேன். கோயில் பக்கத்தில் படுத்தால் மனசுக்கும் தைரியம். முடிந்தவரை சிலுவையை ஒட்டியே நங்கூரம் போட்டேன். இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். துரை அதை வாங்கி, காய்ச்சல் கண்ணோடு தடவிப் பார்த்து, “நல்ல பையன்” என்றார்.

தம்பி துரை வந்த மறுநாள், களத்தில் காயப்போட்டிருந்த காப்பியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் தீவை வரைந்தோம். துறைமுகத்துக்கு ஒரு ஆண், நான் குறித்த இடத்துக்கு ஒரு பெண் என்று நிறுத்தினோம். சுண்ணாம்புக்கு வெளியே எல்லாம் கடல் என்று துரை அறிவித்தார். களத்துக்குள் காலில் எதையும் போட்டுக்கொண்டு இறங்குவது எங்களிடம் வழக்கமில்லை. அப்பா ஓரத்திலேயே என் பூட்ஸைக் கழற்றவைத்தார். மேலே கோட்டு, கீழே வெறுங்கால். தம்பி துரை தன் பூட்ஸோடு இறங்கி நடந்தார். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம்.

கையில் என் தாளும் கடல் படமுமாக நாலைந்து இடங்களைக் கடந்தவர் பாவாயிக்கு முன்னால் நின்றார். பாவாயி காப்பி பறிக்கிறவள். யாருக்கும் பயப்படாதவள். அவர் தாளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மரியாதையாகக் கேட்டார்.

“இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது யார்?”

துரை கம்பளிக்குள்ளிருந்து, “நான்” என்றார்.

இத்தனை நாள் கண் பூத்துப் போட்ட வேலையை இவர் தன்னுடையது என்கிறாரே. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனேன். “இல்லை ஐயா, நான். எல்லா இடமும் நான்தான்” என்றேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் என் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “எங்க பையன் போட்டதுதானுங்க” என்று தமிழில் சாட்சி சொன்னார்.

துரை கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.

ஏன் இந்த இடம் என்று தம்பி துரை கேட்டார். எண் சிறியது, காற்று அடிக்காது, பக்கத்தில் கோயிலும் இருக்கிறது என்றேன். எந்தக் கோயில் என்றார். சிலுவையைக் காட்டினேன். அவர் சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சிரிக்கவில்லை. பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். எண் உயரம் இல்லை, ஆழம். ஒன்று என்றால் ஒரு பாகம், ஓர் ஆள் முழுகும் அளவு. கப்பலுக்குத் தண்ணீருக்கு அடியில் அதைவிடப் பெரிய உடம்பு உண்டு. சிலுவை என்றால் தண்ணீருக்குள் மறைந்திருக்கிற பாறை.

“என்ன சொல்றாரு, சாமி?” என்றார் அப்பா.

மொழிபெயர்ப்பதும் என் வேலைதான். “இந்த இடத்தில் கப்பல் உடைந்துவிட்டது என்கிறார்.”

“செரி. அடுத்த எடத்துல?”

“அங்கேயும்.”

பாவாயி இடுப்பில் கையை வைத்தாள். “ஏனுங்க ரைட்டரு, என்ற எடத்துல என்னுங்க ஆச்சு?”

“எல்லோரும் செத்தாச்சு.”

“நானுமா?”

“நீ பாறை, பாவாயி. உன் மேல்தான் மோதினோம்.”

“நான் கம்முனு தானுங்க நின்னேன்” என்றாள்.

தம்பி துரை தீவை முழுக்கச் சுற்றினார். ஓர் இடம்கூட விடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நின்று, எப்படி உடைந்தோம், எவ்வளவு நேரத்தில் முழுகுவோம் என்று விளக்கினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, முழுகிப்போன துறைகள் ஒவ்வொன்றாக நிழலில் போய் உட்கார்ந்தன. ‘அரை’ என்று போட்ட இடத்துக்கு வந்தபோது அவர் பிரம்பால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். அப்பா மட்டும், “அது நல்ல எடமாச்சே” என்று முனகினார்.

முடிவில் தம்பி துரை அண்ணனின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். “கடலையே பார்க்காத பையனிடம் உன் உயிரைக் கொடுத்திருக்கிறாய். உனக்கு அறிவு மங்கிவிட்டது. நீ இங்கேயே இரு. இங்கே முழுகத் தண்ணீராவது கிடையாது” என்றார்.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

மறுநாள் தம்பி துரை டோலியில் இறங்கிப் போனார். துரை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டு, படத்தை விரித்து, எண்ணை எப்படிப் படிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். “அப்படியானால் கடலுக்கு அடியிலும் மலைதானா, ஐயா?” என்றேன். “மலைதான். நீ தலைகீழாகப் படித்தாய். வேறொன்றுமில்லை” என்றார். எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அந்தப் படிப்பால் இனி யாருக்கும் உபயோகமில்லை என்பதும் புரிந்தது.

அந்த வருஷ மழை ஓய்ந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் புதைத்தோம். பெட்டியைத் தூக்கியவர்கள் களத்தில் துறைமுகமாக நின்ற அதே ஆட்கள். காய்ச்சல் எனக்கும் வந்தது. என்னை ஏனோ விட்டுவிட்டுப் போயிற்று.

படுக்கையை விட்டு எழுந்தபோது ஊர்ப் பஞ்சாயத்து காத்திருந்தது. கடல் தாண்டினவன் ஊருக்குள் சேர வேண்டுமானால் தண்டம் கட்ட வேண்டுமாம்.

“இவன் எங்கீங்க கடலத் தாண்டினான்?” என்றார் அப்பா.

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “களத்தக் கடலுன்னு துரை சொன்னாரா, இல்லியா?”

“சொன்னாருங்க.”

“அதுல உன்ற பையன் எறங்கினானா, இல்லியா?”

“எறங்கினானுங்க.”

“அப்பறம் என்ன, கட்டு.”

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஆட்டுக்கறி விருந்துக்கு வழி தேடுகிறார்கள் என்பது அப்பாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் படிப்பு குறுக்கே நின்றது. எழுந்து நின்று வாதாடினேன். “நாங்கள் எங்கே திரும்பி வந்தோம்? முதல் ராத்திரியே கப்பல் உடைந்து செத்துவிட்டோம் என்று தம்பி துரையே சொன்னார். செத்தவனுக்கு ஏது தண்டம்?”

பிறகு ஊர்க்கவுண்டர் அப்பாவைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னார்: “சாவுன்னா தீட்டாச்சே, கவுண்டரே. அதுக்கும் சேத்துக் கட்டிருங்க.”

கடல் தாண்டியதற்கு ஐந்து ரூபாய், செத்ததற்கு இரண்டரை, மேலே ஒரு ஆடு. அப்பா எண்ணிக் கட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், “இனிமேலு நீ கீழயே இரு, கண்ணு. இங்க உன்னப் பேச உட்டா எனக்குக் கட்டுப்படி ஆகாது” என்றார்.

அதே கோட்டைப் போட்டுக்கொண்டு ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டேன். கோட்டைப் பார்த்துப் பெரிய படிப்பு என்று நினைத்திருப்பார்கள், வாத்தியார் வேலை கொடுத்தார்கள். பூகோளம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அந்தக் கடலில் சண்டை நடக்கிறது, கப்பல்கள் நிஜமாகவே முழுகுகின்றன என்று பத்திரிகையில் படிக்கிறேன். லீவுக்கு மலையேறி நான் வீடு சேரத் தாமதமானால், களத்துக்கே வராத என் அம்மாதான் வாசலில் நின்று கேட்பாள்: “எந்தப் பள்ளத்துலடா கப்பல நிறுத்திப்போட்டு வாரே?” பாவாயி தன் பேரப்பிள்ளைகளிடம், ஒரு காலத்தில் தான் பாறையாக இருந்து ரைட்டரைக் கொன்றதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

அப்பா கணக்கு மட்டும் வைத்திருக்கிறார். கோட்டு, பூட்ஸ், தகரப் பெட்டி, இரண்டு தண்டம், ஆடு. மூன்று பிள்ளைகளில் ஒருவனை மலையைவிட்டு உயிரோடு கீழே இறக்க அவருக்கு ஆன செலவு முப்பத்தொரு ரூபாய் எட்டணா. துரையின் உயிரைச் சேர்க்காமல்.